கை நனைக்காத ஒறம்பரை

என் நண்பர் வீட்டிலிருந்து நான் பசியோடு திரும்பியது அவர் இறந்த அன்றுதான். பொள்ளாச்சிச் சந்தையில் வெல்லம் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறிப் பெருமாட்டிக்கு ஓடினேன். தூக்குவதற்குள் முகம் பார்த்துவிட்டேன். துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதும் இல்லை. அத்தனை கூட்டமும் ஒரு வாய் சோறு தின்னாமல், போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு கலைந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எந்த வீட்டில் எந்த வழக்கத்தை வைத்துக்கொள்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? அந்த மனிதருக்கு மட்டும் காது கேட்டிருந்தால் பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க, சோறுண்டுபோட்டுப் போங்க" என்றிருப்பார். பந்தல்காரன்கூட அதைத்தான் சொன்னான்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயர் நாலு பேர் வாயில் அடிபடுவது அவருக்குப் பிடிக்காது. தன் வீட்டுச் சாப்பாடு அடிபட்டால் பிடிக்கும். ஆகையால் அதையே பேசுகிறேன்.

நான் அப்போது பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் கடைக்குச் சாமான் பிடித்துக் கொடுப்பவன். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. மலையில் தேயிலை விளையும், ஏலம் விளையும். மனுஷன் வயிறு நிறையத் தின்கிற எதுவும் விளையாது. அரிசியும் தேங்காயும் கடலையும் கீழேயிருந்துதான் ஏற வேண்டும். மறையூர் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, கொச்சி ராஜாவின் எல்லைக்குள் இருக்கிற பெருமாட்டித் தோப்புகளுக்கு வருஷத்தில் சில தடவை வண்டி கட்டி வருவேன். அப்படி வந்த முதல் தடவையே அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

நல்ல உச்சி வெயில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றிருந்தார். கட்டையான ஆள். கழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டும். குரல் மட்டும் தோப்பின் மறு வேலிக்குக் கேட்கும்.

"தேங்கா என்ன விலைக்குப் போகுது அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சாப்புட்டுப் பேசலாமுங்க."

"இல்ல, நேரமாச்சு. விலையைச் சொன்னியள்னா..."

"வெல எங்கீங்க ஓடிப்போகுது. மரத்துலதான தொங்கீட்டு இருக்குது."

இந்த ஆளிடம் வேலை நடக்காது, அடுத்த தோப்புக்குப் போவோம் என்று மாட்டை முடுக்கப் போனேன். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் என் வண்டியின் கடையாணிகள் இரண்டும் இருந்தன. சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்கிற அந்த இரும்பு முளைகளை நான் விலை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பிடுங்கிவிட்டார். இதென்ன வழிப்பறி என்று கேட்டேன்.

"வழிப்பறியெல்லா ஒண்ணுமில்லீங்க மலைக்காரரே. சோறுண்டு கை கழுவுனீங்கன்னா ஆணி தானா வந்துருமுங்க" என்றார்.

அன்று முதல் நான் அவருக்கு மலைக்காரர், அவர் எனக்கு அண்ணாச்சி. நான் அண்ணாச்சி என்பதைக் கேட்டு அந்த வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் பேசுகிற இழுவையைக் கேட்டு நான் எந்த வாயைப் பொத்துவது?

கொங்கு நாட்டில் உறவுக்காரருக்கும் விருந்தாளிக்கும் ஒறம்பரை என்று ஒரே சொல். அவருக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. தோட்டத்துப் படலைத் திறந்துகொண்டு வந்தவன் எவனும் ஒறம்பரை. ஒருமுறை தேங்காய் திருட வந்தவனைப் பட்டப்பகலில் மரத்து உச்சியில் வைத்துப் பிடித்தார்கள். ஆட்கள் கீழே கயிறோடு நின்றார்கள். இவர் வந்து நிமிர்ந்து பார்த்து, "காலையில என்னடா தின்னே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று மேலிருந்து பதில் வந்தது. "பசிச்ச வயித்துக்காரன அடிச்சா நம்ம கைதான் நாறும். எறங்கி வா, தின்னுபோட்டு அடி வாங்கு" என்றார். அவன் இறங்கி வந்து தின்றான். தின்ற பிறகு அவனை அடிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. மறு வருஷம் அவன் அங்கேயே மரம் ஏறுகிற வேலையில் இருந்ததைப் பார்த்தேன். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் எல்லோருக்கும் சோறு ஒன்றுதான். உட்காருகிற இடம் ஒன்றில்லை. பண்ணையாட்கள் கொட்டகைப் பக்கம் உண்டார்கள். வேதக்காரனான, அதாவது கிறிஸ்தவனான என்னை முதல் வருஷம் வாசலில்தான் உட்கார வைத்தார்கள். நான் எப்போது உள்ளே ஆசாரம் என்கிற கூடத்துக்குப் போனேன், யார் என்னைக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு நினைவில்லை. ஒருநாள் பார்த்தால் உள்ளே உட்கார்ந்து குழம்பு கேட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லி ஊரில் அவரை இரண்டு பேர் ஏசினார்கள் என்றும், அந்த இரண்டு பேரையும் அவர் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இத்தனைக்கும் புகழ் அவருக்கு, புகை அவர் மனைவிக்கு. அந்த அம்மாள் சிறுகூடான உடம்பு, பேச்சு கம்மி. "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிற பழக்கமே கிடையாது. நிலைப்படியில் நின்று இலையைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை நிறைந்துவிடும். ஒரு தடவை, "அண்ணாச்சிக்கு ஊரை எல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போடுததுல என்ன ஆசை பாருங்க" என்றேன். "ஆசைக்கு என்னுங்ணா, அவிய வாயில கூப்புடறாங்க, நான் கையில ஆக்கறேன்" என்றார். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

நான் மலையிலிருந்து தேயிலைத்தூள் கொண்டுவந்து கொடுப்பேன். அதைக் குடிக்கிற பழக்கம் அப்போது அந்தப் பக்கத்து வீடுகளில் கிடையாது. அம்மாள் அதைச் சுக்கோடும் மிளகோடும் மருந்துப் பானையில் போட்டுவைத்தார். வயிறு முட்டத் தின்றுவிட்டுப் புரளுகிற விருந்தாளிக்கு அதில் ஒரு சிட்டிகை கஷாயம் வைத்துக் கொடுப்பார். எங்கள் எஸ்டேட் துரைமார்கள் சீமைக்கு அனுப்புகிற சரக்கு அங்கே அஜீரண மருந்தாக இருந்தது. எனக்கும் கொடுத்தார்கள், கேட்டது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற பழமொழியை அவர் முன்னால் சொல்லிவிடக் கூடாது. "அதையச் சொன்னவன் ஊட்டுல நாலாம் நாளு அரிசி இல்லாமப் போயிருக்கும், அதுக்கு ஒரு பழமொழி பண்ணிட்டான்" என்பார். கொஞ்சம் வீம்பும் உண்டு அவருக்கு. அதனால்தான் நான் சொல்லப்போகிற காரியமே நடந்தது.

அவருக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லை, இவர்தான் வளர்த்தார். உயரமான பெண். அண்ணனுக்கு வாய் எத்தனை நீளமோ அத்தனைக்கு அவளுக்குப் பார்வை கூர்மை. அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் சொல்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள், பேச்சு முடிந்து இரண்டு பக்கமும் சம்மதம் என்று ஆகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். உப்புப் பட்டது எதுவும் தொடக் கூடாது. தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். நல்ல வழக்கம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் ஒன்றும் தின்னாமல் எதிரே உட்கார்ந்திருப்பதைச் சகிக்க முடியாத ஒரு மனிதருக்குத் தங்கை ஒருத்தி இருக்கக் கூடாது.

முதலில் வந்தவர்களிடம் அவர் சட்டம் பேசினார். உப்புத்தானே கூடாது? உப்பில்லாமல் ஆக்கிப் போட்டால் என்ன? முந்தின நாளே மனைவியிடம் சொல்லி, அரிசி மாவை வேகவைத்துப் பிழிகிற சந்தகையை உப்புப் போடாமல் பிழியச் செய்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி வந்தவர்கள் முன்னால் வைத்துவிட்டார். அவர்கள் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமா? உப்பில்லாச் சோறு படைக்கிறது செத்தவர்களுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எழுந்து போனவர்கள் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். பேச்சு வாய் மாறி வாய் மாறி, கடைசியில், அந்த ஊட்டுப் பொண்ணுக்கு உப்புப் போடத் தெரியாது, அதை மறைக்கத்தான் வலிய வலியச் சோறு போடுகிறார்கள் என்று வந்து நின்றது. அதற்குப் பிறகு அந்தப் படலை நோக்கி ஒரு சம்பந்தமும் வரவில்லை. ஊரில் அவள் வயதுப் பெண்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு தாய்வீடு வந்து போனார்கள். இவள் அண்ணன் கூட்டி வருகிற ஒறம்பரைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நாள் கழித்துப் பொள்ளாச்சிக்கு அந்தப்புறத்திலிருந்து ஒரு இடம் வந்தது. நல்ல குடும்பம், பையன் நல்லவன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் வருகிற அன்று என் வண்டியும் தோட்டத்தில் நின்றது. அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணா, இது போச்சுன்னா அவளுக்கு இனி வேற எடம் வராதுங்க. அவிய வாயத் தொறந்து சோறுன்னு சொல்லாமப் பாத்துக்கோணும். சொல்ல வந்தா நீங்க பேச்ச மாத்திப்போடுங்க."

"நான் இருக்கேன்லா, கவலைப்படாதிய" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

காலையில் வர வேண்டியவர்கள் மத்தியானம் வந்தார்கள். வழியில் ஒரு மாட்டுக்கு லாடம் கழன்று நேரமாகிவிட்டதாம். இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள், வழியிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் வயதானவர், சாது. கூட மாப்பிள்ளை, அவனுடைய தாய்மாமன், இரண்டு பெண்கள். பேசியதெல்லாம் அந்தத் தாய்மாமன்தான். தோப்பு எத்தனை மரம், கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா, தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், அந்தத் தாத்தாவுக்கு எந்தக் கோயில் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் இன்னொன்று. பெண்ணை வந்து கும்பிடச் சொன்னார்கள், வந்து கும்பிட்டுப் போனாள். பையன் முகத்தைப் பார்த்தேன், அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. தாய்மாமன் விடவில்லை.

உள்ளே சமையல் முடிந்து வாசனை ஆசாரம் முழுக்க நின்றது. சம்மதம் என்று ஒரு சொல் வந்தால் இலை போட வேண்டியதுதான். என் நண்பர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நான் மலையில் யானை வந்த கதையை எடுத்துவிடுவேன். அன்று நான் சொன்ன யானைகளில் பாதி அந்த நிமிஷத்தில் பிறந்தவை. பெரியவர் பாவம், "மலையில அத்தன யானையுங்களா" என்று கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தண்ணீர்ச் செம்பை மறுபடி எடுத்துக் காலி செய்தார்.

வெயில் சாயத் தொடங்கியதும் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிங்க, ஊருக்குப் போயி ரோசன பண்ணிச் சொல்லி அனுப்பறமுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்பதுமில்லை, வேண்டும் என்பதுமில்லை. காத்துக் கிட என்று அர்த்தம். அம்மாள் என்னைப் பார்த்தார். பரவாயில்லை, இந்த மட்டுக்கும் வாயைத் திறக்காமல் ஒப்பேற்றிவிட்டோம் என்று நானும் தலையை ஆட்டினேன்.

எல்லோரும் வண்டிக்கு நடந்தார்கள். வாசலைத் தாண்டியதும் பெரியவருக்குக் கால் தடுமாறியது. பக்கத்திலிருந்த தென்னைமரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். என் நண்பர் அதைப் பார்த்துவிட்டார்.

"நில்லுங்க மாமா" என்று பெரியவரைப் பார்த்துச் சொன்னார். நான் யானையைத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

"இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாமுங்க."

தாய்மாமன் திரும்பினார். "என்னுங்க சொல்றீங்க?"

"பொண்ணு குடுக்கறதா இல்லீங்க. பேச்சு இத்தோட முடிஞ்சுபோச்சு. பேச்சே முடிஞ்சுபோச்சுன்னா அப்பறம் கை நனைக்கறதுக்கு என்ன தடையிருக்குதுங்க? நீங்க இப்ப வெறும் ஒறம்பரை. இத்தன நேரம் பட்டினி போட்டதுக்கு மன்னிச்சு, உள்ள வந்து சாப்புட்டுப்போட்டுப் போங்க."

அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பெண் பார்க்கக் கட்டிய சேலையும் போட்ட நகையுமாகத் தங்கை பின்னால் நின்றாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. பிறகு அவள் உள்ளே போய் இலைக்கட்டை எடுத்து வந்தாள். ஒவ்வோர் இலையாகத் துடைத்து அவளே போட்டாள், அவளே பரிமாறினாள்.

சாப்பிட்டார்கள். பசித்தவர்கள் சாப்பிடுகிறபடி சாப்பிட்டார்கள். பெரியவர் முகத்தில் ரத்தம் வந்தது. தாய்மாமன் சந்தகையை மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டு, "உப்பு சரியாத்தான இருக்குது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். கை கழுவி வந்த பெரியவர் என் நண்பர் எதிரே நின்று, "வழக்கப்படி கை நனைச்சுட்டமுங்க. இனிப் பொண்ணு எங்களுது" என்றார். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்தப் பாழும் மனுஷன் ஒத்துக்கொண்டாரா?

"இல்லீங்க மாமா. சோத்தப் போட்டு மடக்குறவன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்குது. இது பொண்ணுக்குப் போட்ட சோறில்லீங்க. உங்க பசிக்குப் போட்டது. பொண்ணு வேணும்னா இன்னொரு நாளு வந்து கேளுங்க."

பெரியவர் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார். தாய்மாமன் முணுமுணுத்தார். வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு அம்மாள் பேசியதை நான் மறக்கவே மாட்டேன். அத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து கேட்டது அப்போதுதான். "உங்களுக்குப் பேரு வேணும். அவளுக்கு வாழ்வு வேணுமல்லங்க. ஊரான் வயிறு உங்க கண்ணுக்குத் தெரியுது, ஊட்டுல ஒருத்தி நிக்கறது தெரியலீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க செஞ்சது தப்பு. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா அவங்க வழியில எங்கயாவது தின்னிருப்பாங்க" என்றேன்.

"அந்த மனுசன் மரத்தப் புடிச்சாருங்க, மலைக்காரரே" என்றார். அவர் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அவருடைய பெருமையும் அதுதான், அவரோடு வாழ்ந்தவர்களின் கஷ்டமும் அதுதான்.

மறுநாள் காலையில் நான் மாடு பூட்டும்போது தங்கை செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணன் செஞ்சது சரிதானுங்க. நானும் அந்தப் பெரியவரப் பாத்தேன். ஆனா என்னோட கண்ணாலத்த முறிக்கறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லங்க?" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படலைத் திறந்துவிட வந்த அண்ணனிடம் அந்தச் சொல்லை அப்படியே சொன்னேன். அவர் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் திருப்பம் தாண்டுகிற வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

மலைக்குப் போனேன், மழை வந்தது, பாதை இடிந்தது, இறங்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் நினைவுதான். தைமாசம் தேங்காய்க்கு இறங்கியபோது, பொள்ளாச்சிக்காரர்கள் மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "நாளைக்கி வர்றாங்க, இருந்துட்டுப் போங்க" என்றார் நண்பர். ஆள் இளைத்திருந்தார். அம்மாள் இந்த முறை என்னைத் தனியே கூப்பிடவில்லை.

காலையிலேயே வந்தார்கள். பெரியவர் உட்கார்ந்ததும், "இன்னைக்கிப் பட்டினியாத்தான் வந்திருக்கறமுங்க. பொண்ணு கேக்க வந்திருக்கறம்" என்றார். தாய்மாமனை வாயைத் திறக்க விடவில்லை. "கேள்வியெல்லாம் போன தடவையே கேட்டாச்சு. பசிச்சவனுக்காகச் சம்பந்தத்த முறிச்ச ஊட்டுல கேக்கறதுக்கு இனி என்ன இருக்குது" என்றார்.

சம்மதம் என்று என் நண்பர் துள்ளிக் குதிப்பார், இலை போடு என்று கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"எனக்குச் சம்மதமுங்க மாமா. ஆனாப் போன தடவ நான் ஒருத்தனே முறிச்சுப்போட்டேன், அவளக் கேக்கலீங்க. இந்தத் தடவ அவதான் சொல்லோணும்." உள்பக்கம் திரும்பி, "அம்முணி, நீ சொல்லு. சித்தெ நேரமானாலும் செரி, நாங்க இருக்கறம்" என்றார்.

உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டில், காய்ச்சின நெய் மணக்க, இத்தனை பேர் பசியோடு உட்கார்ந்திருக்க, அவர் சோறு என்கிற சொல்லை எடுக்காமல் நின்றார். நான் யானைக் கதை எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் வந்தாள். கையில் இலை இருந்தது. பெரியவர் முன்னால் முதல் இலையைப் போட்டாள். தாய்மாமனுக்குப் போட்டாள். மாப்பிள்ளைக்குப் போடும்போது நிமிர்ந்து பார்த்தாள், அவன்தான் குனிந்துகொண்டான். அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் ஒன்று போட்டுவிட்டு, பெரியவருக்குப் பக்கத்தில் இன்னோர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

"அண்ணா, உக்காருங்க."

"நானா? நான் அப்பறம்... அவியளக் கவனிக்கோணுமல்ல."

"நாங்க கவனிச்சுக்கறம். இந்த ஊட்டுல நான் உங்களுக்குப் பரிமாறற நாளு இனிக் கொஞ்சந்தானுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், நெய் விட்டாள். அவர் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். கை வாய்க்குப் போகவில்லை. கண்ணீர் இலையில் விழுந்தது. ஊரையெல்லாம் தின்ன வைத்த மனுஷனுக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. பெரியவர் தன் இலையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, நீங்க ஒரு வாய் சாப்புடாம நாங்க கை நனைக்கறதா இல்லீங்க."

மாப்பிள்ளையும் தாய்மாமனும் கையை எடுத்துவிட்டார்கள். நானும் எடுத்துவிட்டேன். தங்கை நெய்க்கிண்ணத்தோடு அண்ணன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார், மென்றார், விழுங்கினார்.

அந்த வீட்டில் நான் எத்தனையோ வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.